வாசலுக்கு வெளியே... அது யார் இடம்?

ஏதாவது ஒரு ஹவுஸிங் போர்டு ஃப்ளாட்டுக்குள் போய்ப் பாருங்கள். தரை பளபளவென்று இருக்கும். சமையலறையில் பாத்திரங்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். அப்படியே கதவைத் திறந்து வெளியே வாருங்கள். மாடிப்படி மூலையில் வெற்றிலை எச்சில். கீழே இறங்கினால் பெயர்ந்து கிடக்கும் சிமென்ட் தரை, யாரோ போட்டுவிட்டுப் போன ஓட்டைக் கட்டில், தேங்கிய தண்ணீர், காய்ந்துபோன ஒரு மரம்.

‘ஏன் இப்படி?’ என்று கேட்டால் எல்லா பிளாக்கிலும் ஒரே பதில்தான்: "அது போர்டு இடங்க. நாம என்ன பண்ண முடியும்?"

இந்தப் பதில் நம் வீட்டுப் பாட்டியின் முழங்காலையும், பையனின் பள்ளிப் படிப்பையும், வீட்டுக்காரரின் கோபத்தையும்கூட பாதிக்கிறது என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். ஆனால் உண்மை அதுதான்.

வெளி இடத்துக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. 5 வயதிலிருந்து 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட நடை போன்ற மிதமான உடற்பயிற்சி வேண்டும். இரண்டு ரூம் ஃப்ளாட்டுக்குள் பிள்ளை எங்கே ஓடும்? கீழே இறங்கினால் நிழல் இல்லை, உட்கார ஒரு திண்ணை இல்லை, தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது என்றால் பாட்டி எப்படி நடப்பார்? ‘விழுந்துடுவேன்டா’ என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். நடக்க நடக்கத்தான் காலில் பலம். நடக்காமலே இருந்தால் கால் இன்னும் பலவீனமாகும், விழும் பயம் இன்னும் கூடும்.

அடுத்தது வெயில். வெறும் சிமென்ட் தரை பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் மெதுவாக வெளியே விடும். மரம் இரண்டு விதத்தில் குளிர்ச்சி தருகிறது. ஒன்று, அதன் நிழல். இன்னொன்று, இலைகள் வழியாக ஆவியாகும் நீர்.

அப்புறம் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடை தேடிப் போவதைவிட, உடைந்த வாளி, பழைய டயர், தேங்காய் ஓடு, பூந்தொட்டித் தட்டு என்று சின்னச் சின்ன இடத்தில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் அதிகம் முட்டையிடும். முட்டை கொசுவாக மாற நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாள் போதும். உங்கள் வீட்டுக்குள் எத்தனை கொசுவத்தி ஏற்றினாலும், கீழே கிடக்கும் அந்த ஓட்டை வாளியை ஒருவரும் தொடவில்லை என்றால் பிரயோசனம் இல்லை.

இதெல்லாம் தெரிந்த விஷயம்தானே, பிறகும் ஏன் அந்த இடம் அப்படியே கிடக்கிறது? இதற்குப் பதில் தேட, அமெரிக்காவில் இடித்துத் தள்ளப்பட்ட ஒரு குடியிருப்பைப் பார்க்க வேண்டும்.

33 கட்டடங்களின் கதை

செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஏழைக் குடும்பங்களுக்காக அரசு கட்டிய குடியிருப்பு ப்ரூயிட்-ஐகோ. 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள். 1954-ல் மக்கள் குடிவரத் தொடங்கினார்கள். வடிவமைத்தவர் சாதாரண ஆள் இல்லை. பிற்பாடு நியூயார்க்கின் உலக வர்த்தக மையக் கோபுரங்களை வடிவமைத்த மினோரு யமசாகி. கட்டடங்களைச் சுற்றி எல்லோருக்கும் பொதுவாகப் பரந்த திறந்தவெளி என்பது திட்டம்.

நடந்தது வேறு. அந்தத் திறந்தவெளி சில வருடங்களிலேயே உடைந்த கண்ணாடியும் குப்பையுமாக மாறியது. தாழ்வாரங்களில் நடக்கவே பயந்தார்கள். கடைசியில் 1972-ல் இடிக்க ஆரம்பித்து 1976-க்குள் எல்லாவற்றையும் தரைமட்டமாக்கிவிட்டார்கள்.

அங்கே போய் ஆராய்ந்தவர் ஆஸ்கர் நியூமன் என்ற கட்டடக்கலை நிபுணர். அவர் கவனித்த விஷயம் சுவாரஸ்யமானது. வீடுகளுக்கு உள்ளே எல்லாம் சுத்தமாக, அக்கறையாக வைத்திருந்தார்கள். இரண்டே குடும்பங்கள் சேர்ந்து புழங்கிய மாடிப்படி முற்றங்களும் நன்றாகவே இருந்தன. இருபது குடும்பங்களுக்குப் பொதுவான தாழ்வாரங்கள்தான் நாசமாகியிருந்தன. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குப் பொதுவான தரைவெளி அதைவிட மோசம்.

எதிர்ச்சாரியிலேயே அதே மாதிரியான மக்கள் வாழ்ந்த பழைய, சின்ன வரிசை வீட்டுக் குடியிருப்பு ஒன்று இருந்தது. அதில் பெரிய பிரச்னையே இல்லை! 1972-ல் வெளியான தன் புத்தகத்தில் நியூமன் சொன்ன முடிவு இதுதான்: ‘இது நம்முடையது’ என்று சொல்ல யாருமில்லாத இடத்தை யாரும் காப்பதில்லை.

முழுப் பழியையும் கட்டடத்தின் மேல் போடுவதும் நியாயமில்லை. பராமரிப்புச் செலவை அந்த ஏழைகள் கட்டும் வாடகையிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது. வீடுகள் காலியாகக் காலியாக வாடகை குறைந்தது. வாடகை குறையக் குறைய லிஃப்ட் ரிப்பேர்கூட நடக்கவில்லை. ஆக, பணமும் வேண்டும், ‘நம்முடையது’ என்ற நினைப்பும் வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் வண்டி ஓடாது.

மரம் செய்த வித்தை

சரி, இடம் நன்றாக இருந்தால் மனிதர்கள் உண்மையிலேயே மாறுவார்களா? இதற்கு சிகாகோ நகரம் ஒரு பதில் வைத்திருக்கிறது.

அங்கே 1962-ல் கட்டி முடிக்கப்பட்ட ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் என்ற குடியிருப்பில் 16 மாடிகள் கொண்ட, ஒரே அச்சில் வார்த்த மாதிரி 28 கட்டடங்கள் இருந்தன. முதலில் எல்லாவற்றையும் சுற்றி மரமும் புல்லும் வைத்தார்கள். அப்புறம், தூசியைக் குறைக்கவும் பராமரிப்புச் செலவை மிச்சப்படுத்தவும் பல இடங்களில் தளம் போட்டு மூடினார்கள். மரங்கள் செத்தன. சில கட்டடங்களைச் சுற்றி மட்டும் பசுமை தப்பிப் பிழைத்தது.

யாருக்கு எந்த வீடு என்பதை நகரின் வீட்டுவசதித் துறைதான் ஒதுக்கியது. ‘மரம் இருக்கிற பிளாக் கொடுங்க’ என்று யாரும் கேட்டு வாங்க முடியாது. ஆக, வசதியிலும் வாழ்க்கையிலும் ஒரே மாதிரியானவர்கள். சிலருக்கு ஜன்னலைத் திறந்தால் மரம், சிலருக்கு வெறும் சிமென்ட். ஆராய்ச்சி செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரான்சஸ் குவோ, வில்லியம் சல்லிவன் இருவரும் அங்கே குடியிருந்த 145 பெண்களிடம் பேட்டி கண்டார்கள். 2001-ல் வெளியான முடிவு: பசுமை சூழ்ந்த கட்டடங்களில் வசித்தவர்களிடம் வீட்டுச் சண்டையும் கைநீட்டும் பழக்கமும் குறைவு. கவனத்தை ஒருமுகப்படுத்தும் சக்தி அதிகம். சதா பணக்கவலை, பிள்ளைக் கவலை என்று உழலும் மூளை களைத்துப்போகிறது. களைத்த மூளைக்குச் சட்டென்று கோபம் வரும். பச்சையைப் பார்க்கும்போது அதற்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

அதே நகரில் ஐடா பி. வெல்ஸ் என்ற குடியிருப்பில் 98 கட்டடங்களின் போலீஸ் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். மரம், புல் அதிகம் உள்ள கட்டடங்களில், அவை குறைவாக உள்ள கட்டடங்களைவிடக் குற்றங்கள் 52 சதவிகிதம் குறைவு. 1998-ல் வந்த இன்னொரு ஆய்வு பிள்ளைகளைப் பற்றியது. 64 வெளி இடங்களைக் கவனித்ததில், மரம் உள்ள இடங்களில் பிள்ளைகள் விளையாடுவது ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. பெரியவர்கள் அருகில் இருப்பதும் அதே அளவு அதிகம். நிழல் இருந்தால் அம்மா கீழே வருவார். அம்மா வந்தால் பிள்ளை தைரியமாக விளையாடும். நாலு அம்மாக்கள் பேசிக்கொண்டால் பழக்கம் வரும். பழக்கம் வந்தால் அந்நியன் யார், அக்கம்பக்கம் யார் என்று தெரியும். அதுதான் காவல்!

கேட்டார்களே, அதுதான் முக்கியம்

‘மரம் அடர்ந்தால் திருடன் ஒளிஞ்சுப்பான்’ என்ற பயம் நம் ஊரில் மட்டுமில்லை, அங்கேயும் இருந்தது. அதனால் ஆராய்ச்சியாளர்கள் ராபர்ட் டெய்லரில் வசித்த 100 பேரிடம், மரங்களின் எண்ணிக்கையையும் புல்லின் பராமரிப்பையும் மாற்றி மாற்றித் தயாரித்த படங்களைக் காட்டி, ‘எது பிடிக்கிறது? எதில் பயமில்லை?’ என்று கேட்டார்கள். மரம் அதிகமுள்ள படங்களே அவர்களுக்குப் பிடித்தன. புல்லை ஒழுங்காக வெட்டி வைத்திருந்தால் பயமும் தோன்றவில்லை. பயம் தருவது மரம் அல்ல, கவனிப்பாரற்ற புதர்தான். பார்வையை மறைக்காமல் உயரத்தில் கிளை விரிக்கும் மரம் வேறு, ஆள் உயரப் புதர் வேறு.

குடியிருப்பவர்களைக் கேட்டு வேலை செய்ததற்கு லண்டனில் ஓர் உதாரணம் உண்டு. ஹாமர்ஸ்மித் அண்ட் ஃபுல்ஹாம் என்ற பகுதியில், நகராட்சியும் கிரவுண்ட்வொர்க் என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து, ஐரோப்பிய யூனியன் நிதியுதவியோடு 2013 முதல் 2016 வரை மூன்று குடியிருப்புகளின் வெளி இடங்களை மாற்றியமைத்தன. மழைத் தண்ணீர் தளத்தில் வழிந்தோடி வடிகாலை நிரப்பிப் பெருக்கெடுப்பதுதான் அவர்கள் பிரச்னை.

செய்ததெல்லாம் எளிய வேலைகள். கூரைத் தண்ணீரைச் செடிப் பாத்திகளுக்குத் திருப்பிவிட்டார்கள். இறுகிய தளத்தைப் பெயர்த்து நீர் இறங்கும் கற்கள் பதித்தார்கள். சின்னக் கொட்டகைகளின் கூரை மேல் செடி வளர்த்தார்கள். வரைபடம் போடும் முன்பே குடியிருப்பவர்களிடம் பேசினார்கள். வேலை இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து அந்த வேலையில் சேர்த்தார்கள். அங்கே புல் வெட்டும் பணியாளர்களுக்கும், புதிய பாத்திகளை எப்படிக் கவனிப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். திறப்பு விழா முடிந்த மறுநாள் ‘இனி யார் தண்ணீர் ஊற்றுவது?’ என்ற கேள்வி வரக்கூடாது அல்லவா!

நம் காலனியில்..?

தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியது. 2021-ல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. குடியிருப்போர் நலச் சங்கங்களிடமே பராமரிப்பில் பங்கு கொடுக்க ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்ற திட்டத்தையும் அது கொண்டுவந்தது. ஹவுஸிங் போர்டு காலனியோ, தனியார் அப்பார்ட்மென்ட்டோ, உங்கள் பிளாக்கிலும் இதே வழியைப் பின்பற்றலாம்.

• முதலில் கேளுங்கள். சங்கக் கூட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பாட்டிகளையும், வேலைக்குப் போகும் பெண்களையும், பிள்ளைகளையும் வீட்டுக்கே போய்க் கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள். அந்த இடத்தில் புழங்குவது அவர்களும்தான்.

• ஒரு சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து ஒரு சுற்று நடந்து பாருங்கள். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே விளக்கு இல்லை, எங்கே கால் இடறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

• பெரிய பூங்காவில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு படிக்கட்டு, அதில் புழங்கும் எட்டு குடும்பங்கள், அதன் முன்னால் உள்ள பத்தடி இடம். அது போதும்.

• வேம்பு, புங்கை, பூவரசு, மகிழம் நல்ல நிழல் தரும். ஆல், அரசு போன்றவற்றின் வேர் சுவரையும் சாக்கடைக் குழாயையும் பிளக்கும். கட்டடத்தின் அருகில் வேண்டாம்.

• நிழலில் ஒரு பெஞ்ச். சாய்மானமும் கைப்பிடியும் அவசியம். கைப்பிடியை ஊன்றித்தான் முழங்கால் வலிக்காரர்கள் எழுந்திருக்க முடியும்.

• மழைநீரை மண்ணில் இறக்கும் பாத்தி அமைத்தால், தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் வற்றிவிட வேண்டும். வற்றவில்லை என்றால் மணலும் ஜல்லியும் சேர்த்துச் சரிசெய்யுங்கள்.

• வாரம் ஒரு நாள், பத்து நிமிடம் ‘தண்ணீர் கவிழ்க்கும் நாள்’. பிள்ளைகளிடம் பொறுப்பைக் கொடுங்கள். போட்டி போட்டுக்கொண்டு செய்வார்கள்.

• மரம் நடும் முன்பு, தளம் பெயர்க்கும் முன்பு வாரியத்திடமோ நகராட்சியிடமோ எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்ட மனுவுக்கு மதிப்பே தனி.

• நட்ட செடிக்கு முதல் இரண்டு கோடைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று பெயர் போட்டு, படிக்கட்டில் ஒட்டுங்கள். பெயர் இல்லாத பொறுப்பு யாருடைய பொறுப்பும் இல்லை.

குழாய் ரிப்பேரும், சாக்கடை அடைப்பும், விளக்குக் கம்பமும் வாரியத்தின் கடமைதான். அதை அவர்களிடம் விடாமல் கேட்க வேண்டும். மக்கள் பங்கெடுக்கிறார்கள் என்பதற்காக அரசு கையைக் கழுவிவிடக் கூடாது. ஆனால் பெஞ்ச் எந்த மரத்தடியில் இருந்தால் பாட்டி வந்து உட்காருவார் என்பது எந்த இன்ஜினீயருக்கும் தெரியாது. அது பாட்டிக்குத்தான் தெரியும். அவரைக் கேட்டுப் போட்ட பெஞ்ச் காலியாக இருக்காது!