ஓடும் தரவுத்தளத்தை நகலெடுப்பது எப்படி?

தொலைவிலுள்ள சர்வரில் பதிவுகள் நொடிக்கு நொடி மாறுகின்றன. கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் பாதி பழசு, பாதி புதுசு என்றுதான் வந்து சேரும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளின் பிஜி டம்ப் கட்டளை இதிலிருந்து எப்படித் தப்புகிறது?

போஸ்ட்கிரெஸ் ஒரு வரிசையைத் திருத்தும்போது பழையதை உடனே அழிப்பதில்லை. புதிய பதிப்பைத் தனியே எழுதுகிறது. அதனால் டம்ப் தொடங்கிய கணத்தில் இருந்த பதிப்புகளை மட்டும் நிதானமாகப் படித்துக்கொண்டே போகலாம். அதுவரை மற்றவர்கள் எழுதாமல் காத்திருக்கவும் வேண்டாம்.

வழக்கமாக வெளிவருவது எஸ்க்யூஎல் கட்டளைகள் அடங்கிய வெறும் உரை. அதை ஒரு பைப் குறியால் நம் மடிக்கணினியில் அக்கட்டளைகளை இயக்கும் பிஎஸ்க்யூஎல் நிரலுக்கு ஊட்டினால் இடையில் கோப்பே தேவையில்லை. (பைப்பின் இரு முனைகளை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்!) அட்டவணைகள் நிரம்பிய பிறகே இன்டெக்ஸ் கட்டப்படும்; வரிசைக்கு வரிசை புதுப்பிப்பதைவிட அது வேகம். பயனர் கணக்குகள் மட்டும் உடன் வராது. அவற்றுக்கு பிஜி டம்ப்ஆல் என்ற தனிக் கட்டளை.