கரை சேர்த்த கடலன்னை

கடல் கடந்து வந்த நம் முன்னோர், கால் ஊன்றிய இடமெல்லாம் கோயில் கண்டனர். சீனப் பெருமக்களும் அவ்வாறே செய்தனர் என்பதற்குச் சான்றாகத் திகழ்வது, சிங்கப்பூர் தெலுக் ஆயர் ஸ்திரீட்டிலுள்ள தியான் ஹொக் கெங் ஆலயமாகும்.

ஹொக்கியன் மக்கள் 1839இல் தொடங்கிய திருப்பணி 1842இல் நிறைவுற்றது. மூலவராக எழுந்தருளியிருப்பவர் மாசூ அன்னை. மெய்சோவ் தீவில் தோன்றிய லின் மோ என்னும் கன்னியே, கடலில் தவிப்போரைக் காக்கும் தெய்வமானார் என்பது ஐதிகம். அன்னையின் திருவுருவம் 1840இல் சீனாவிலிருந்து கடல் வழியாகவே வந்து சேர்ந்தது.

அந்நாளில் கடற்கரை ஆலயத்தின் எதிரிலேயே இருந்தது. மரக்கலத்தை விட்டிறங்கியோர், உயிர் பிழைத்தமைக்கு இங்கே ஊதுவத்தி ஏற்றிய பின்னரே வேலை தேடிச் சென்றனர்.

உள்ளே செல்லும் அன்பர்கள் சற்றே மேல்நோக்குதல் வேண்டும். கூரை விட்டங்களைத் தாங்கும் உருவங்களிடையே இந்தியத் தோற்றமுடையோரையும் காணலாம். அதே வீதியில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா உள்ளது. நடந்து செல்லும் தொலைவில், 1827இல் நாராயண பிள்ளை நிறுவிய ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் விளங்குகிறது. ஒரே கரையில் இறங்கியோரின் நன்றிக்கடன்கள் இவை.

கடல் தூர்க்கப்பட்டு, ஆலயத்தின் எதிரே இன்று வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன. நாமோ விமானத்தில் பறக்கின்றோம். அலைக்கு அஞ்சியபோது வணங்குதல் எளிது. அச்சம் அகன்ற பின்னரும் நன்றி மறவாதிருத்தலே பக்தி. மாரியம்மனைத் தரிசித்துத் திரும்பும் அன்பர்கள், ஒருமுறை இவ்வன்னையின் வாசலிலும் கைகூப்பி நிற்பார்களாக!