கொக்கட்டிச்சோலையும் ஒரு மரண அத்தாட்சிப் பத்திரமும்

போன மாதம் பிள்ளை மடுவத்தில் பெற்றோர் கூட்டம் முடிந்து நான் கதவைப் பூட்டும்போது ஓர் அம்மா தயங்கித் தயங்கி வந்து நின்றார். "ஐயா, எங்க அம்மாவோட ஈ.பி.எஃப். காசு எடுக்கப் போனோம். பிள்ளைங்க எல்லாரும் கையெழுத்து வைக்கணுமாம். மூத்த அண்ணன் எங்கேன்னு கேக்குறாங்க. அவரு மட்டக்களப்புப் பக்கம் கடை வேலைக்குப் போனவரு. தொண்ணூறாம் வருசம் சண்டை வந்த பொறகு ஒரு தகவலும் இல்ல. செத்துட்டாருன்னா பத்திரம் கொண்டாங்கன்னு சொல்றாங்க. நாங்க எங்க போய் வாங்குறது?" என்றார்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் அம்மா என்று அனுப்பிவிட்டேன். விசாரிக்கப் போனதில்தான் கொக்கட்டிச்சோலைக் கதையை முழுதாக அறிந்துகொண்டேன். அந்தக் கதைக்கும் இந்தப் பத்திரத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது.

மட்டக்களப்பு வாவி என்றால் நமக்கெல்லாம் பாடும் மீன்தான் ஞாபகம். நிலா வெளிச்சத்தில் கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காது வைத்தால் சத்தம் கேட்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். கடலை ஒட்டி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிற வாவி அது. அதன் கடல் பக்கம் சூரியன் எழும்புகிற கரை, ஆகவே எழுவான்கரை. மேற்குப் பக்கம் சூரியன் படுகிற கரை, ஆகவே படுவான்கரை. பெரிய ஆஸ்பத்திரி, கச்சேரி, சந்தை எல்லாம் கிழக்குப் பக்கம். படுவான்கரையில் இருப்பது வயலும் மாடும் காடும். தான்தோன்றீஸ்வரர் கோயில் இருக்கிற கொக்கட்டிச்சோலை அந்தக் கரையில்தான். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் மிதவைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டும். அந்தப் படகை அங்கே 'பாதை' என்றே சொல்வார்கள். இரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்தப் பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். நம் தோட்டத்தில் லொறி வரும்வரை ரோட்டு முனையில் காத்து நின்ற காலம் மாதிரி.

அந்தக் கரையில், மகிழடித்தீவுப் பக்கம், வெளிநாட்டு முதலீட்டில் ஓர் இறால் பண்ணை நடந்தது. சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் அங்கே கூலிக்குப் போனார்கள். 1987 ஜனவரி 28ஆம் திகதி விசேட அதிரடிப்படை அந்தப் பகுதியைச் சுற்றிவளைத்தது. அன்று எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதாக ஊரார் சொல்கிறார்கள். அதில் பண்ணையில் வேலைக்கு நின்றவர்களும் இருந்தார்கள். காலையில் பேர் கொடுத்துவிட்டு வேலையில் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் வேறு யாரோ அல்ல, நம்மைப் போல நாள் சம்பளத்துக்குப் போனவர்கள்.

நான்கு வருசம் கழித்து அதே ஊரில் மறுபடி. 1991 ஜூன் 12ஆம் திகதி குண்டு வெடித்துப் படையினர் இருவர் இறந்தார்கள். அதன் பிறகு முகாமிலிருந்து வந்த படையினர் மகிழடித்தீவு, முனைக்காடு, முதலைக்குடா கிராமங்களுக்குள் புகுந்தார்கள். வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள், ஆட்களைச் சுட்டார்கள். பயத்தில் அரிசி ஆலையில் ஒதுங்கி நின்றவர்களும் தப்பவில்லை. உடல்களைக் குண்டு வெடித்த பள்ளத்தில் போட்டு எரித்தார்கள்.

இந்தக் கடைசி வரியை நன்றாகக் கவனியுங்கள். ஒருவர் திடீரென்று இறந்தால், அல்லது சந்தேகமாக இறந்தால், மரண விசாரணை நடக்க வேண்டும் என்பது நாட்டுச் சட்டம். நம் தோட்டத்தில் யாராவது கிணற்றில் விழுந்தால் பொலிஸ் வந்து, மரண விசாரணை அதிகாரி வந்து, பிறகுதானே உடலைத் தருவார்கள்? பொலிஸின் பொறுப்பில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் நீதவானே வந்து பார்க்க வேண்டும். உடல் இருந்தால்தான் காயம் தெரியும், காயம் தெரிந்தால்தான் காரணம் தெரியும். உடலை எரித்துவிட்டால் விசாரணைக்கு என்ன மிஞ்சும்? பார்த்தவரின் வாய்ச்சொல் ஒன்றுதான் மிஞ்சும்.

1991இல் அந்த வாய்ச்சொல்லைக் கேட்க ஓர் ஆணைக்குழு வந்தது. அப்போது ஜனாதிபதி பிரேமதாச. வெளிநாடுகளிலிருந்தும் சர்வதேச மன்னிப்புச் சபை போன்ற அமைப்புகளிடமிருந்தும் கடும் நெருக்குதல் இருந்த காலம் அது. ஆணைக்குழு என்றால் என்ன என்று நம்மில் பலருக்குத் தெரியாது. ரேடியோவில் 'கொமிஷன்' என்று கேட்டதும் கோர்ட் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாட்டின் தலைவர் சிலரை நியமித்து, இன்ன விசயத்தை விசாரித்து எனக்கு அறிக்கை தாருங்கள் என்பார். அவர்கள் ஆட்களைக் கூப்பிடலாம், சத்தியம் வாங்கிச் சாட்சியம் கேட்கலாம், ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லலாம். ஆனால் ஒருவரையும் சிறையில் போட முடியாது. இன்னது நடந்தது, இன்னது செய்யுங்கள் என்று எழுதிக் கொடுப்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. செய்வதும் செய்யாமல் விடுவதும் அரசாங்கத்தின் கையில். (2008இல் ஒரு திருத்தம் வந்தது. ஆணைக்குழு திரட்டியதை வைத்துச் சட்டமா அதிபர் வழக்குப் போடலாம் என்று ஆக்கினார்கள். 1991இல் அது இல்லை.)

அந்த ஊர்ச் சனங்கள் ஆணைக்குழு முன்னால் போய்ச் சொன்னார்கள். எவ்வளவு பயம் இருந்திருக்கும்! முகாம் பக்கத்திலேயே இருக்கிறது, சாட்சி சொல்லிவிட்டு இரவில் அதே வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். அப்படியும் போனார்கள். அறிக்கை 1992இல் வெளியானது. இரு தரப்பும் சுட்டுக்கொண்டதில் நடுவில் அகப்பட்டுச் செத்தவர்கள் அல்ல, படையினர் பழிவாங்கக் கொன்றவர்கள் என்று அந்த அறிக்கை சொன்னது. 67 பேர் கொல்லப்பட்டதாகக் கணக்கிட்டது. குடும்பங்களுக்கு நட்டஈடு கொடுக்கவும் சிபாரிசு செய்தது.

பிறகு 20 படையினர் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். கொலை, மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய குற்றம். இராணுவ நீதிமன்றத்தில் உட்கார்ந்து கேட்பவர்களும் இராணுவ அதிகாரிகளே. 1992இல் தீர்ப்பு வந்தது. 19 பேர் விடுதலை. பொறுப்பாக இருந்த அதிகாரி ஒருவர் மட்டும், தன் ஆட்களைக் கட்டுப்படுத்தத் தவறியதற்கும் உடல்களைச் சட்டத்துக்கு மாறாக அகற்றியதற்கும் குற்றவாளியாகிச் சேவையிலிருந்து நீக்கப்பட்டார். அவ்வளவுதான். 67 உயிருக்கு ஒருவருடைய உத்தியோகம் போனது.

இது நம் நாட்டில் மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். வியட்நாமில் மைலாய் கிராமத்தில் 1968 மார்ச் 16ஆம் திகதி அமெரிக்கப் படையினர் நூற்றுக்கணக்கான கிராமத்தவரைக் கொன்றார்கள். கடைசியில் வில்லியம் கெலி என்ற ஒரே ஓர் அதிகாரிதான் குற்றவாளியாகக் காணப்பட்டார். ஆயுள் தண்டனை என்றார்கள், சில வருசத்தில் அவரும் வெளியே வந்துவிட்டார். சீருடையில் கூட்டமாக வந்தவர்களில் யார் யாரைச் சுட்டான் என்று ஊர்க்காரருக்கு எப்படித் தெரியும்? பேர் தெரியாது, முகமும் சரியாகப் பார்த்திருக்க முடியாது. அந்த ஒரு சந்தேகமே எல்லோரையும் காப்பாற்றிவிடுகிறது.

சாதாரணக் கோர்ட்டுக்குப் போனால் சரியாகிவிடுமா என்றால் அதையும் சொல்ல முடியாது. 1992 ஆகஸ்டில் மட்டக்களப்பு மாவட்ட எல்லையில் மயிலந்தனையில் 35 தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கு கொழும்புக்குப் போய், பத்து வருசம் இழுபட்டு, 2002இல் யூரிமார் படையினரை விடுவித்தார்கள். நம் மலைநாட்டில், பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ முகாமில் 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி 25க்கு மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கும்பல் கொன்றதை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதில் 2003இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை என்றார்கள், 2005க்குள் ஐவரும் விடுதலை.

அப்படியென்றால் அந்தச் சனங்கள் பயந்து பயந்து சாட்சி சொன்னது வீண்தானா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

ஊரார் சொல்கிற கணக்கு 67 அல்ல, 152. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் 85 பேர் இருக்கிறார்கள். ஆணைக்குழு பொய் எழுதியது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு குடும்பமே அழிந்துபோனால் யார் போய்ப் பேர் கொடுப்பார்? வேறு ஊரிலிருந்து வந்து ஒதுங்கியவரின் சொந்தக்காரருக்கு விசாரணை நடப்பது தெரிந்திருக்குமா? பயத்தில் வாய் திறக்காதவர்களும் இருந்திருப்பார்கள். பேர் கொடுக்க ஆள் இருந்தவர் 67க்குள் வந்தார், அவர் செத்த விதமும் அரசாங்கத்தின் அறிக்கையிலேயே ஏறியது. மற்றவர் ஊர் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறார்.

வாவிக் கரை நெடுக இந்தக் கணக்குப் பிரச்சினைதான். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். எண்ணிக்கை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேரைப் படையினர் கூட்டிப்போனார்கள், அவர்கள் திரும்பவில்லை. நாலு நாள் கழித்து சத்துருக்கொண்டானில் 184 பேர் கொல்லப்பட்டதாக ஊர்க் கணக்கு, அதில் கைக்குழந்தைகளும் உண்டு. கொன்றவன் எந்தப் பக்கம் என்றாலும், பின்னால் அலைகிறவர் தாயும் மனைவியும் தங்கச்சியும்தான்.

இனி நம் அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். உடல் கிடைக்கவில்லை, மரண விசாரணை நடக்கவில்லை, ஆகவே பதிவும் இல்லை. இப்படிப்பட்ட குடும்பங்களுக்காக 1995இலும், பிறகு 1998இலும் 2010இலும் தனிச் சட்டம் வந்தது. கலவரத்திலோ யுத்தத்திலோ காணாமற்போய் ஒரு வருசத்துக்கு மேலாகித் தகவலே இல்லையென்றால், நெருங்கிய உறவினர் விண்ணப்பித்து மரணத்தைப் பதியலாம். ஆனால் நிறையத் தாய்மார் மாட்டோம் என்றார்கள். என் பிள்ளை செத்தான் என்று என் கையால் எழுதித் தரவா என்று கேட்டார்கள். அது நியாயம்தானே? அதனால் 2016இல் சட்டத்தைத் திருத்தி, இவர் காணாமற்போனவர் என்று மட்டும் சொல்கிற சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதை வைத்து உதவிப்பணம் கேட்கலாம், பிள்ளைகளுக்குப் பாதுகாவலராகலாம், சொத்தைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளலாம். அதே 2016இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் வந்தது. அங்கேயும் முறைப்பாடு பதியலாம்.

இதை அந்த அம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கம்மா உசிரோட இருக்கிற வரைக்கும் அவன் வருவான்னுதான் சொல்லிச்சு. நான் முதல்ல காணாம போனதுன்னே எழுதுறேன் ஐயா. காசு கெடக்கட்டும்" என்றார். படிவத்தை நிரப்ப உட்கார்ந்தோம். அண்ணன் பிறந்த திகதி அவருக்குத் தெரியவில்லை. அடையாள அட்டை நம்பர் இல்லை. வேலை செய்த கடையின் பேரும் இல்லை, ஓட்டமாவடிப் பக்கம் என்று மட்டும் ஞாபகம். கடைசியில் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் கிடைத்தது. மடித்து மடித்துக் கிழியப் போகிற நிலையில் இருந்தது. அதில் பேரும் பிறந்த திகதியும் தகப்பன் பேரும் இருந்தன. அதை வைத்துத் தோட்டத்துப் பழைய பிறப்புப் பதிவையும் தேடி எடுத்தோம். விண்ணப்பம் போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.

இதே மாதிரி உங்கள் லயத்திலும் யாராவது இருக்கலாம். கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ மட்டக்களப்புக்கோ போய்த் திரும்பாத அண்ணன், சித்தப்பா, மாமா. வெள்ளிக்கிழமை பின்னேரம் கொழுந்து நிறுத்த பிறகு டிஸ்பென்சரிக்குப் பக்கத்து அறையில் நான் இருப்பேன். பிறப்புப் பத்திரம், விடுகைப் பத்திரம், பழைய சம்பளத் துண்டு, கடிதம், போட்டோ, கையில் என்ன இருக்கிறதோ அதைக் கொண்டு வாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் வாருங்கள். அவரை நேரில் பார்த்துப் பழகிய வயதான ஒருவரையும் கூட்டி வந்தால் நல்லது.