மூணு கலர் பூனை ஏன் பெட்டையாகவே பிறக்கிறது?

கறுப்பு, செவலை, வெள்ளை மூன்றும் கலந்த பூனையைக் கீழச்சிவல்பட்டியில் ஒரு முகப்புத் திண்ணையில் கண்டால், தூக்கிப் பார்க்காமலே பெட்டை என்று சொல்லிவிடலாம். தவறுவது மிக அபூர்வம். காரணம் எக்ஸ் குரோமோசோம்.

செவலை நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு அதில்தான் இருக்கிறது. கடுவனுக்கு எக்ஸ் ஒன்றுதான். ஆகவே அது செவலை, இல்லையென்றால் கறுப்பு. வரிப்பூனையும் இந்தக் கணக்கில் கறுப்பின் பக்கம். பெட்டைக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் செவலையும் மற்றதில் கறுப்பும் வந்து சேரலாம். கறுப்புத் தாய்க்கும் செவலைத் தகப்பனுக்கும் பிறக்கும் கடுவன் குட்டிகள் எல்லாம் கறுப்பு, பெட்டைகள் எல்லாம் கலவை. தெருப்பூனை ஒரே ஈற்றில் இரண்டு தகப்பனுக்கும் குட்டி போடும். அப்போதும் கறுப்புத் தாயிடம் பிறந்த கலவைப் பெட்டைக்குத் தகப்பன் செவலைதான். வேறு சாட்சி வேண்டாம். மூவண்ணக் கடுவன் தப்பிப் பிறந்தால், அதற்குப் பெரும்பாலும் ஓர் எக்ஸ் கூடுதலாக இருக்கும், அநேகமாக மலடு.

சரி, நிறங்கள் ஏன் திட்டுத்திட்டாக நிற்கின்றன? எனக்கு இதில் தீராத வியப்பு. கரு மிகச் சிறிதாக இருக்கும்போதே ஒவ்வோர் உயிரணுவும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றை அடக்கிவிடுகிறது. எதை என்பது தற்செயல். அதன் வழிவரும் உயிரணுக்கள் அத்தனையும் அந்த முடிவிலேயே நிற்கும். 1949இல் கனடாவின் மரே பார், பெட்டைப் பூனைகளின் நரம்பணுக்களில் மட்டும் ஒரு கரும்புள்ளி இருப்பதைக் கவனித்தார். அடங்கிச் சுருண்ட எக்ஸ்தான் அது. எக்ஸ் இப்படி அடங்குவதை 1961இல் சுண்டெலிகளைக் கொண்டு விளக்கியவர் இங்கிலாந்தின் மேரி லயன்.

வெள்ளைக்கு எக்ஸோடு சம்பந்தமில்லை. நிறம் தரும் உயிரணுக்கள் கருவின் முதுகுப்புறம் தோன்றி, வயிற்றுக்கும் பாதத்துக்கும் பரவ வேண்டும். கிட் என்னும் மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தால் பரவல் குறையும்; எட்டாத இடம் வெள்ளை.

பூனை விட்டால் கிட்டப் போய்ப் பாருங்கள். கறுப்புத் திட்டு பெரும்பாலும் ஒரே கறுப்பாக இருக்கும். பக்கத்துச் செவலைத் திட்டிலோ மங்கலாக வரி ஓடும். வரியை மறைத்து முழுக்கறுப்பாக்கும் மரபணுவின் பேச்சு செவலை முடியில் எடுபடாது.

அந்தச் செவலை மரபணு எது என்பது 2025இல்தான் வெளியானது. ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகக் குழுவும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு குழுவும் தனித்தனியே தேடி ஒரே இடத்தில் வந்து நின்றன. செவலைப் பூனைகளின் எக்ஸில், ஏஆர்எச்ஜிஏபி36 என்ற மரபணுவை ஒட்டிச் சுமார் 5,000 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. அதனால் நிற உயிரணுவில் அடங்கிக் கிடக்க வேண்டிய அந்த மரபணு விழித்துக்கொண்டு கருநிறமியைத் தடுக்கிறது, செந்நிறமி மேலோங்குகிறது.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 2001 டிசம்பரில், ரெயின்போ என்ற மூவண்ணப் பூனையின் உயிரணுவிலிருந்து உலகின் முதல் நகல் பூனை பிறந்தது. பெயர் சிசி. மரபணுக்கள் அச்சாக அதே. ஆனால் சிசியின் உடம்பில் செவலை முடியே இல்லை. நகலெடுத்த உயிரணுவில் செவலை எக்ஸ் முன்பே அடங்கிப் போயிருந்தது.