செத்தவரே சாட்சிக்கு வருவார், தெரியுமா?

பூட்டிய அறைக்குள் ஒரு பிணம். தாழ்ப்பாள் உள்பக்கம். ஜன்னல் கிடையாது. துப்பறியும் கதை படித்து வளர்ந்த நமக்கு இவ்வளவு போதும், நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவோம். ஆனால் அந்த ஊரில் சுவரை ஊடுருவி நடக்கத் தெரிந்த ஓர் இனமும் குடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாழ்ப்பாளுக்கு என்ன மரியாதை? போகட்டும், பிணம் யாருடையது? வெட்டுக்கிளி போன்ற இன்னோர் இனத்தவருடையது. அவர்களுக்கு ஓர் உடல் அழிந்தால் உயிர் அடுத்த உடலுக்குக் குடிபோய்விடும்! ஆக, கொலையுண்டவரே புது உடம்போடு வந்து நின்று, ‘என்னைக் கொன்றவன் இதோ’ என்று கைகாட்டலாம். இப்படிப்பட்ட ஊரில் துப்பறிவாளருக்கு என்னதான் வேலை?

தலைக்கு மேல் வேலை! ராபின் டி. லாஸ் என்ற கனடாக்காரர் உருவாக்கி, லண்டனின் பெல்கிரேன் பிரஸ் 2011-ல் வெளியிட்ட ‘ஆஷன் ஸ்டார்ஸ்’ என்ற விளையாட்டின் உலகம் இது. சுவர் புகுவோர் டுருக் இனம். உடல் மாறுவோர் க்ச்-தக் இனம். ஒரு காலத்தில் அநேகமாக எல்லாம் அறிந்த ஆற்றல் வடிவங்களாகத் திரிந்துவிட்டு, ஒரு பேரழிவில் சதை உடம்புக்கு இறங்கிவந்து தவிக்கும் வாஸ் மால் என்று இன்னோர் இனமும் உண்டு. இதைவிடப் பெரிய வேடிக்கை கேளுங்கள். மோஹிலார் என்ற எதிரியுடன் விண்மீன் மண்டலமே நடுங்கும்படி ஒரு போர் நடந்து முடிந்திருக்கிறது. அந்த எதிரி எப்படி இருந்தான் என்று ஒருவருக்கும் சரியாக நினைவில்லை! வென்றவர்களுக்கே மறந்துபோன போர். அதன் பின் கைவிடப்பட்ட எல்லைப்புறத்தில், கூலிக்குத் துப்பறியும் ஒரு விண்கலக் குழுவாக நீங்கள் இறங்குகிறீர்கள். வழக்கைச் சொதப்பினால் பெயர் கெடும். பெயர் கெட்டால் நல்ல வேலை வராது. வேலை வராவிட்டால் விண்கலத்தைப் பராமரிக்கக் காசு இருக்காது. வானத்தில் பறந்தாலும் மாதக் கடைசிக் கவலை விடுவதில்லை!

இதை எப்படி ஆடுவது? மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்காருவார்கள். பலகை வேண்டாம், காய் வேண்டாம். ஒருவர் கேம் மாஸ்டர். கோள், அதன் வானிலை, கொலைகாரன், பொய் சொல்லும் சாட்சி எல்லாம் அவர் வாய்வழியே உயிர் பெறும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறுவார்கள். ‘மேசை இழுப்பறையைத் திறக்கிறேன்’ என்று நீங்கள் சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் சொல்வார். முடிவு இப்படியும் போகலாம், அப்படியும் போகலாம் என்கிற இடத்தில் மட்டும் பகடை உருளும். நண்பர்கள் வீட்டில் கூடினால் ஒரே கதை ஆண்டுக்கணக்கில் ஓடும். விளையாட்டு ரசிகர்கள் கூடும் கன்வென்ஷனில் அந்தச் சலுகை கிடையாது. பெரும்பாலும் நான்கு மணி நேரம்தான்! அதற்குள், முன்பின் அறியாத ஆறு பேர் பெயர் சொல்லிக்கொண்டு, விண்கலம் ஏறி, பிணத்தைப் பார்த்து, ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு, குற்றவாளியைப் பிடித்து, அடுத்த குழுவுக்கு மேசையைக் காலி செய்தாக வேண்டும்.

அந்தக் கன்வென்ஷன்கள் சாதாரணமானவையா என்ன! 1968-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரில், கேரி கைகாக்ஸ் என்பவர் 50 டாலர் வாடகைக்கு ஒரு மண்டபம் பிடித்து, ஆளுக்கு 1 டாலர் நுழைவுக் கட்டணம் வைத்துப் போர் விளையாட்டு ரசிகர்களைக் கூட்டினார். வந்தவர்கள் நூறு பேர் அளவில். அதுதான் ஜென் கான். 2024-ல் இண்டியானாபொலிஸ் நகரில் அதே ஜென் கானுக்கு வந்தவர்கள் 71,000-க்கும் மேல்! மாநாட்டு மையம் நிரம்பி, பக்கத்து ஓட்டல்கள் நிரம்பி, 2017 முதல் லூகாஸ் ஆயில் ஸ்டேடியம் என்ற அமெரிக்கக் கால்பந்து மைதானத்திலேயே மேசை போட்டு ஆடுகிறார்கள். வீரர்கள் முட்டிமோதும் தரையில் உட்கார்ந்துகொண்டு, செவ்வாய்க்கு அப்பால் நடந்த கொலையைப் பற்றி யாரோ கிசுகிசுத்துக்கொண்டிருப்பார்கள்.

அறிவியல் புனைவும் மர்மமும் கன்வென்ஷன் மேசையில் முதன்முதலில் கைகோத்த கதைகளில் ஒன்று இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்தது அதுதான். கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் 1974-ல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டைக் கொண்டுவந்திருந்தார்கள். வாள், மந்திரம், பூதம், குகைக்குள் புதையல். 1976-ல் ‘ஒரிஜின்ஸ்’ என்ற கன்வென்ஷனில் அதற்கு ஒரு போட்டி. கவசம் பூண்ட வீரர்களும் மந்திரவாதிகளுமாக வந்த ஆட்டக்காரர்கள், மலைக்குள் இருக்கும் வழக்கமான குகை என்று நம்பி நுழைந்தார்கள். அது குகையே இல்லை. என்றோ விழுந்து நொறுங்கிய விண்கலம்!

கேம் மாஸ்டர் ‘விண்கலம்’ என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது. ரோபோ, துப்பாக்கி, லிஃப்ட் எதையும் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்கக் கூடாது. வடிவத்தை மட்டும் வர்ணிக்க வேண்டும். கதவு திறக்க வண்ண அட்டை வேண்டும். அது அட்டை என்பதையும் நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். கையில் கிடைத்த ஒரு கருவியை எப்படி இயக்குவது என்பதற்குக் கிளை கிளையாகப் பிரியும் ஒரு வரைபடம் வைத்திருந்தார்கள். பகடை உருட்டி உருட்டி அதன் வழியே போக வேண்டும். வழி தவறினால் கருவி வைத்திருப்பவரையே பதம் பார்த்துவிடும். 1980-ல் அந்தப் போட்டிக் கதை ‘எக்ஸ்பெடிஷன் டு த பேரியர் பீக்ஸ்’ என்று அச்சில் வந்தபோது, ஆட்டக்காரர்களுக்கு எடுத்துக்காட்டுவதற்கென்றே தனிப் படப் புத்தகம் ஒன்றும் சேர்ந்து வந்தது. ‘இதோ, நீ பார்ப்பது இதுதான், என்னவென்று கேட்காதே!’ கொலை இல்லை, கொலைகாரன் இல்லை. ‘நாம் எங்கே இருக்கிறோம்?’ என்ற ஒரே கேள்விதான் மர்மம். ஆட்டக்காரருக்குத் தெரிந்தது அவர் பாத்திரத்துக்குத் தெரியாது என்ற இரட்டை வேடமும் சேர்ந்துகொள்ளும்போது, அடடா!

அதே 1976-ல் ஜேம்ஸ் வார்டு எழுதிய ‘மெடமார்ஃபசிஸ் ஆல்ஃபா’ என்ற விளையாட்டு இன்னும் ஒரு படி மேலே போனது. வார்டன் என்ற மாபெரும் விண்கலம் கதிர்வீச்சு மேகத்தில் மாட்டிக்கொள்கிறது. தலைமுறைகள் கழித்து அதற்குள் வாழும் மக்களுக்குத் தாங்கள் கலத்தில் இருக்கிறோம் என்பதே மறந்துபோய்விட்டது. காடும் மலையும் அவர்களுக்கு உலகம். கூரை அவர்களுக்கு வானம்.

சரி, துப்பறிதலுக்கு வருவோம். இங்கேதான் பல்லாண்டுகளாகத் தீராத ஒரு சிக்கல் இருந்தது. 1981-ல் சாண்டி பீட்டர்சன் உருவாக்கிய ‘கால் ஆஃப் கதூலு’ வந்ததும் விசாரணை விளையாட்டுகள் பெரிதாகப் பரவின. இறந்தவரின் நாட்குறிப்பு அலமாரிக்குப் பின்னால் கிடக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பகடை உருட்டு. எண் சரியாக விழவில்லையா? நாட்குறிப்பு கிடைக்காது. நாட்குறிப்பு இல்லாமல் கதை நகராது. தாயம் விழாமல் காய் இறக்க முடியாதவர் போல ஆறு பேரும் உட்கார்ந்து விழிக்க வேண்டியதுதான்! வீட்டில் என்றால் காபி போட்டுக் குடித்துவிட்டு அடுத்த வாரம் பார்க்கலாம். நான்கு மணி நேர மேசையில்? கேம் மாஸ்டருக்கு வியர்த்துக் கொட்டும்.

லாஸ் இதற்குக் கண்ட தீர்வைக் கேட்டால், ‘அட, இவ்வளவுதானா!’ என்பீர்கள். துப்புக்குப் பகடையே கிடையாது! அவர் அமைத்த ‘கம்ஷூ’ என்ற விதிமுறையில், சரியான இடத்துக்குப் போய், சரியான திறமை உங்களிடம் இருந்து, அதைப் பயன்படுத்துவதாகச் சொன்னால் துப்பு உங்கள் கையில். நாவலில் வரும் துப்பறிவாளருக்குத் தடயம் கிடைக்காமலா போகிறது? கிடைத்ததற்கு என்ன பொருள் என்பதுதானே அவருக்குத் தலைவலி! ‘ஆஷன் ஸ்டார்ஸ்’ ஓடுவது இந்த விதியில்தான். சுவர் தாண்டுவது, சுடுவது, கலம் ஓட்டுவது போன்றவற்றுக்கு மட்டும் ஒரே ஒரு ஆறுமுகப் பகடை. கையிருப்புப் புள்ளிகளைச் செலவழித்து விழும் எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். ஆள் குறைவாக வந்தால் ஆளுக்கு அதிகத் திறமைப் புள்ளிகள் கிடைக்கும். எந்தத் துறையும் ஆளில்லாமல் போகக் கூடாது என்பதற்காக. கன்வென்ஷனில் நான்கு பேர் வருவார்களா, ஆறு பேர் வருவார்களா என்று கடைசி நிமிடம் வரை தெரியாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

துப்பு எளிதாகக் கிடைத்தால் சுவாரசியம் போய்விடாதா என்று கேட்பவர்கள் ஒரு மேசையருகே கால் மணி நேரம் நின்று பார்க்கட்டும். எல்லாத் துப்பும் கையில் இருக்கும். ஆறு பேருக்கும் ஆறு கொலைகாரர்கள்! அதனால்தான் ஜஸ்டின் அலெக்சாண்டர் 2008-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இன்னொரு யோசனை சொன்னார்: ஆட்டக்காரர்கள் எட்டியாக வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்பு வையுங்கள். ஒன்றைப் பார்க்காமல் விடுவார்கள், இன்னொன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவதாவது கைகொடுக்கும். மனித மூளையைப் பற்றி இதைவிட நேர்மையான கணக்கு உண்டா?

இன்னும் இருக்கிறது, மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். 1977-ல் மார்க் மில்லர் கொண்டுவந்த ‘டிராவலர்’ விளையாட்டில், ஆட்டம் தொடங்கும் முன்பே, பாத்திரத்தின் முன்கதையை உருட்டும்போதே உங்கள் ஆள் செத்துப்போகலாம்! ராணுவத்திலோ வணிகக் கப்பலிலோ நான்காண்டுப் பணி ஒவ்வொன்றுக்கும் ஒரு பகடை. தவறினால் புதுத் தாளில் புது ஆள். அந்த உலகில் ஒளியை மிஞ்சும் வானொலி கிடையாது. விண்மீன்களுக்கிடையே ஒரு தாவலுக்கு ஒரு வாரம் ஆகும். செய்தியும் கலத்தில் ஏறித்தான் வர வேண்டும். கொலைகாரன் முதல் கலத்தைப் பிடித்துவிட்டால் தன் குற்றச் செய்தியையே முந்திக்கொண்டு ஓடலாம்! துப்பறியும் கதைக்கு இதைவிட நல்ல மண் கிடைக்குமா?

சுவீடனின் ஃப்ரீ லீக் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ‘ஏலியன்’ விளையாட்டில், ஒரே அமர்வில் முடியும் கதைகளுக்கு ஆளுக்கொரு ரகசிய நோக்கம் அட்டையில் வரும், அங்கம் மாற மாற அதுவும் மாறும். பக்கத்தில் சிரித்துப் பேசும் அந்நியர் உங்களைக் காப்பாற்ற வந்தவரா, காட்டிக்கொடுக்க வந்தவரா? பதற்றம் ஏற ஏறக் கூடுதல் பகடைகள் கிடைக்கும்; வெற்றி வாய்ப்பும் கூடும். அந்தப் பகடையில் 1 விழுந்தால் பீதி! அதே நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு ‘டேல்ஸ் ஃப்ரம் த லூப்’ நேர் எதிர். 1980-களின் சுவீடனில், பூமிக்கடியில் ஒரு துகள் முடுக்கி ஓடும் தீவுகளில், மர்மம் துலக்கும் 10 முதல் 15 வயதுப் பிள்ளைகள். விதி என்ன தெரியுமா? பிள்ளைகள் சாகவே மாட்டார்கள். ‘பாரனாயா’ என்ற 1984-ஆம் ஆண்டுக் கூத்திலோ ஆளுக்கு ஆறு குளோன் உடல்கள். அத்தனையும் தேவைப்படும். ஏனென்றால் அங்கே விளையாட்டின் விதிகள் உங்களுக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்வதே தேசத்துரோகம்!

முன்பின் தெரியாதவர்கள் கூடும் மேசையில் ஒருவருக்குப் பொறுக்க முடியாத காட்சி வந்துவிட்டால்? ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்ற வடிவமைப்பாளர் கொண்டுவந்த வழி: எக்ஸ் எழுதிய ஓர் அட்டை மேசை நடுவில் கிடக்கும். தொட்டால் போதும், அந்தக் காட்சி நீங்கும். காரணம் யாரும் கேட்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. டை ஃப்ராங்க் என்பவர் ஆன்லைன் விளையாட்டுக்காக ஒரு சூரியக் குடும்பத்தையே கற்பனை செய்து வைத்திருந்தார். அது கைகூடாமல் போகவே, அதை நண்பர்களோடு பாத்திரமேற்று ஆடும் விளையாட்டாக நடத்தினார். நியூ மெக்சிகோவில் அந்த மேசையில் ஆட உட்கார்ந்த எழுத்தாளர் டேனியல் ஆபிரகாம், ‘இதை நாவலாக எழுதினால் என்ன?’ என்றார். காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடும் துப்பறிவாளரின் கதை 2011-ல் ‘லெவியதன் வேக்ஸ்’ ஆனது. ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற புனைபெயருக்குள் இருப்பவர்கள் இந்த இருவர்தான். பிறகு ஆறு பருவங்கள் ஓடிய ‘த எக்ஸ்பேன்ஸ்’ தொடர். 2019-ல் அதையே மேசை விளையாட்டாகவும் போட்டுவிட்டார்கள். புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர்ந்தது! அந்த நாவலின் தொடக்கத்தில் ஷெட் என்ற மருத்துவ ஊழியர் எதிர்பாராத நேரத்தில் கோரமாகச் சாவார். வாசகர்கள் அதிர்ந்துபோன இடம் அது. காரணம் இலக்கியமில்லை. ஃப்ராங்கின் மேசையில் அந்தப் பாத்திரத்தை ஆடிக்கொண்டிருந்தவர் பாதியில் ஆட்டத்தை விட்டுப் போய்விட்டார்!