"என்னாலதானா தம்பி?"

நேயர் அழைப்பு நேரம் முடிந்த பிறகுதான் வானொலிக்குச் சில முக்கியமான அழைப்புகள் வரும். சுங்கை சிப்புட்டிலிருந்து அந்த அக்கா பேசியதும் அப்படித்தான். "பேரு வேண்டாம் தம்பி. என் மகனுக்கு ஒன்பது வயசு. அடிக்கடி விழுறான்."

அடுத்த ஞாயிறு ஈப்போவிலிருந்து கிளம்பிப் போனேன். பால்மரம் வெட்டிய குடும்பம். தோட்டம் செம்பனையாக மாறியதும் தாமானுக்கு வந்தவர்கள். பையன் முதலில் தரையில் கையூன்றி, பிறகு தொடையில் கையூன்றி, மெல்ல எழுந்தான். பள்ளியில் 'சோம்பேறி' என்றார்களாம். மருத்துவமனையில் சோதித்ததில் 'டுஷேன்' தசைச்சிதைவு என்று தெரிந்தது.

"தாய் வழியா வர்ற நோயாம். அதைக் கேட்டதிலிருந்து மாமியார் என்கிட்ட பேசுறதில்ல. என்னாலதானா தம்பி?"

வாசகர்களே, இந்த நோய் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே வருகிறது. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு. தசையைக் காக்கும் 'டிஸ்ட்ரோஃபின்' என்ற புரதம் இல்லாமல் தசைகள் தேய்ந்துபோகின்றன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளைக்கு இது தாயிடமிருந்து வருவதில்லை. மரபணுவில் புதிதாக நேர்ந்த பிழை. தாயிடமிருந்தே வந்தாலும் அது அவர் செய்த குற்றமா? முழுமையாகக் குணப்படுத்த இன்னும் மருந்தில்லை. ஆனால் ஸ்டீராய்டு மருந்து, இயன்முறைப் பயிற்சி, இதயத்துக்கும் மூச்சுக்கும் தவறாத பரிசோதனை ஆகியவை நடக்கும் காலத்தையும் ஆயுளையும் நீட்டிக்கின்றன.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். சேலத்து வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி சகோதரிகளைப் பற்றியும் சொன்னேன். இருவருக்கும் தசைச்சிதைவு. சக்கர நாற்காலியில் இருந்தபடியே 'ஆதவ் அறக்கட்டளை'யைத் தொடங்கி, தங்களைப் போன்றவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சைக்கு வழி செய்தவர்கள். சோழ அரசியின் பெயர் கொண்ட மாதேவி இன்று இல்லை. அவர் தொடங்கிவைத்த பணி இருக்கிறது.

"எங்க தாத்தாவும் சேலத்துப் பக்கந்தான்," என்றார் அக்கா.

சமூகநல இலாகாவில் ஓகேயூ அட்டைக்குப் பதிவது பற்றிப் பேசினோம். வாசலில் மூன்று படிகள். அதில் சிமெண்டுச் சரிவு போட்டுவிடுவதாக அண்ணன் சொன்னார்.

கிளம்பும்போது அடுப்படியிலிருந்து பாட்டி வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என்னைப் பார்க்கவில்லை, மருமகளைப் பார்த்தார்.

"பையன் காலை நான் நீவி விடலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாம்மா."

உங்கள் தாமானிலும் அடிக்கடி விழும் பிள்ளை இருக்கலாம். சோம்பேறி என்று சொல்வதற்கு முன், மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.