உங்கள் தெருவை ஏன் அளக்கிறார்கள்?

பழங்காநத்தத்தில் ஒரு காலை என்று வைத்துக்கொள்வோம். வெயில் ஏறுவதற்குள் நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்குகிறார்கள். ஒருத்தி டேப்பின் நுனியைக் கடைப் படியில் வைத்து அழுத்திப் பிடிக்கிறாள். இன்னொருவன் மறுநுனியை இழுத்துக்கொண்டு சாக்கடை ஓரம் வரை போகிறான். மூன்றாவது ஆள் நோட்டில் குறிக்கிறான். ஐந்து நிமிடம்கூட ஆகாது, டீக்கடையிலிருந்து கேள்வி வந்துவிடும்: "எதுக்குப்பா அளக்குறீக? ரோட்டை அகலப்படுத்தப் போறாகளா?"

அந்தக் கேள்விக்குள் பயம் இருக்கிறது. டேப்போடு வருகிறவர் எதையாவது இடிக்கத்தான் வருவார் என்பது நம் ஊர்க்காரர்களின் அனுபவம். இந்தப் பிள்ளைகள் கட்டடக்கலை படிக்கிறவர்கள். இந்த இடத்தில் ஒரு சமூகக் கூடமோ, சின்னப் பூங்காவோ, பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு நல்ல நிழலோ எப்படி அமையலாம் என்று பாடத்துக்காக வரைந்து பார்க்க வந்திருக்கிறார்கள். அவர்களால் எதுவும் இடிபடாது. உள்ளதைச் சொன்னால், பெரும்பாலும் எதுவும் கட்டப்படவும் போவதில்லை. பிறகு எதற்கு இந்த வேலை, அதனால் தெருவில் இருக்கிற நமக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

பி.ஆர்க். என்பது ஐந்து வருடப் படிப்பு, பத்து செமஸ்டர். 1972-ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர்கள் சட்டப்படி அமைந்த மன்றம் இதன் தரத்தை மேற்பார்க்கிறது. மதுரையில், கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1957-ல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரியில் இந்தப் படிப்பு இருக்கிறது. ஊருக்குள்ளிருந்து பழங்காநத்தத்தைத் தாண்டித் திருப்பரங்குன்றம் போகிற பாதையில் அந்தக் கல்லூரி. ஆக, அங்கே படிக்கிற பலருக்குப் பழங்காநத்தம் தினமும் பஸ் ஜன்னல் வழியே பார்க்கிற இடம்.

படிப்பின் முதுகெலும்பு 'டிசைன் ஸ்டுடியோ'. பாடம் கேட்டு எழுதுகிற வகுப்பு போல இருக்காது, பட்டறை போல இருக்கும். ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒரு கணக்கு கொடுப்பார்கள். ஆரம்ப வருடங்களில் பஸ் நிறுத்தம், பால்வாடி, சின்ன வீடு என்று வரும். பிறகு பள்ளிக்கூடம், மருத்துவமனை. பெரும்பாலும் நாலாம் வருடத்தில்தான் ஒற்றைக் கட்டடத்தை விட்டு வெளியே வந்து, ஒரு தெருவை, ஒரு சந்தையை, ஒரு கண்மாய்க் கரையை முழுசாக எடுத்துப் பார்க்கிற நகர்ப்புற வடிவமைப்பு வருகிறது. கடைசி வருடம் தீசிஸ், மாணவரே இடத்தையும் தேவையையும் தேர்ந்துகொள்ளும் திட்டம்.

எந்த வருடமானாலும் வேலை தொடங்குவது இடத்தைப் படிப்பதில். இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

பழங்காநத்தம் என்ற பெயரிலேயே நத்தம் இருக்கிறது. வருவாய்த்துறைப் பேச்சில் நத்தம் என்றால் ஊர் மக்கள் குடியிருக்கும் நிலம். நகரம் வந்து விழுங்குவதற்கு முன்னால் இது தனி ஊர் என்பதற்குப் பெயரே சாட்சி. நத்தத்துத் தெருக்கள் யாரும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வந்தவை கிடையாது. வண்டி திரும்பிய இடம், மாடு கட்டிய இடம், பங்காளிகள் பாகம் பிரித்த இடம் என்று வளைந்து வளைந்து வந்தவை. பக்கத்திலேயே டி.வி.எஸ். நகர் போல 'நகர்' என்று பெயர் வைத்த பின்னாள் குடியிருப்புகள். இரண்டு வகைத் தெருவிலும் நடந்து பார்க்கிற மாணவருக்கு ஒரு சங்கதி பிடிபடும்: நேர்த் தெருவில் எங்கே உட்கார வைக்கலாம் என்று யோசிக்க வேண்டும், வளைந்த தெருவில் மக்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்தது, வரைபடத்தில் இல்லாத பழைய கதை. மாட்டுத்தாவணி பஸ் நிலையம் 1999-ல் வந்தது. அதற்கு முன்னால் தென்மாவட்டங்களுக்குப் போகிறவர்கள் பழங்காநத்தத்தில்தான் பஸ் ஏறினார்கள். செயற்கைக்கோள் படம் இதைச் சொல்லாது. நாற்பது ஐம்பது வருடமாகக் கடை வைத்திருக்கிற ஒரு பெரியவர் சொல்வார். எந்த மூலையில் கூட்டம் நின்றது, எந்தக் கடை ராத்திரி முழுக்கத் திறந்திருந்தது, பஸ் நிலையம் போன பிறகு யார் தொழில் படுத்தது என்று அவரிடம் கேட்காமல் வரைகிற மாணவர், காலி இடத்துக்கு வரைகிறவர் ஆகிவிடுவார்.

பிறகு எண்ணிக்கை. இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. ஓர் இடத்தில் நின்று ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து நிமிடம் போகிறவர் வருகிறவரை எண்ண வேண்டும். ஆறால் பெருக்கினால் அந்த மணிக்கான உத்தேசக் கணக்கு. ஆண், பெண், குழந்தை, முதியவர் என்று தனித்தனியாக எண்ணினால்தான் பிரயோஜனம். மொத்தமாக எண்ணினால் ஒரு தெரு நாள் முழுக்கக் கலகலப்பாகத் தெரியும். பிரித்து எண்ணினால், இருட்டிய பின் அதே தெருவில் பெண்கள் பாதியாகக் குறைவது தெரியவரலாம். அப்போதுதான் விளக்கு எங்கே வேண்டும் என்ற பேச்சு உருப்படியாகத் தொடங்கும்.

வில்லியம் வைட் என்ற அமெரிக்கர் நியூயார்க் சதுக்கங்களில் கேமரா வைத்து, மக்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று பல வருடம் பார்த்து 1980-ல் புத்தகமாக எழுதினார். உட்கார இடம் இருக்கிற இடத்தில்தான் ஆள் உட்காருகிறார்கள் என்பது அவர் கண்ட முக்கியமான முடிவு. கேட்டால் இது தெரியாதா என்று தோன்றும். ஆனால் அந்த நகரத்தின் பல சதுக்கங்கள் உட்கார இடமே இல்லாமல் கட்டப்பட்டிருந்தன. நம் பக்கத்துத் திண்ணையை அறிந்தவர்களுக்கு அவர் சொன்னது சட்டென்று புரியும்.

வெயில் விஷயத்தில் மதுரை மாணவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 10 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் ஒரு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை, நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே சாய்ந்து நிற்கும். குளிர் நாடுகளை வைத்து எழுதிய புத்தகங்களில் வடக்கு முகம் என்றால் நிழல் முகம். இங்கே கத்திரி வெயிலில் வடக்குச் சுவரிலும் வெயில் அடிக்கும்.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் 3 மீட்டர் உயரத்தில் ஒரு கூரை போட்டால் கீழே நிழல் கிடைக்கும் என்று நினைக்கிறோம். மே மாதம் மாலை நாலரை மணிக்கு மதுரையில் சூரியன் மேற்கே தாழ்ந்துவிடுவதால், அந்தக் கூரையின் நிழல் 5 மீட்டருக்கு மேல் கிழக்கே தள்ளிப் போய் விழும். கூரைக்கு நேர் கீழே போட்ட பெஞ்சு சுடும். பஸ்ஸுக்கு வருகிறவர்கள் எதிர்க்கடை ஓரத்திலோ வேப்பமரத்தடியிலோ ஒண்டி நிற்பார்கள். 'நிறுத்தம் கட்டிக் கொடுத்தும் ஜனங்க ரோட்டுல நிக்கிறாங்க' என்று குறை சொல்கிறவர்கள், நாலரை மணிக்கு ஒரு தடவை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மேற்குப் பக்கம் ஒரு தட்டியோ ஒரு புங்கமரமோ இருந்தால் இந்தக் குறை தீரும். இதைக் கண்டுபிடிக்க மென்பொருள் வேண்டாம். அந்த நேரத்துக்கு அங்கே போய் நின்றால் போதும்.

படித்ததைத் தாளில் பதிய ஒரு பழைய வழி உண்டு. 1748-ல் நோல்லி என்ற இத்தாலியர் ரோம் நகரத்துக்கு ஒரு வரைபடம் போட்டார். கட்டடங்களைக் கறுப்பாக்கி, தெருவையும் சதுக்கத்தையும் வெள்ளையாக விட்டார். தேவாலயங்களின் உட்பக்கத்தையும் வெள்ளையாகவே விட்டதுதான் விசேஷம். யாரும் போய் வரக்கூடிய இடம் எல்லாம் ஊரின் பொது இடம் என்பது அவர் கணக்கு. இதை மதுரைக்குப் போட்டுப் பாருங்கள். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று அடுக்கடுக்காக வருகிறதே, அதில் ஆடி வீதி கோயில் மதிலுக்கு உள்ளேயே இருக்கிற வீதி. வெள்ளை, மதிலோடு நிற்காமல் உள்ளே போகும். மாசி வீதிகளோ சித்திரைத் தேர் உருளுகிற வீதிகள். ஊர் கூடுவதற்கென்றே அமைந்த தெரு என்றால் என்ன என்று கற்க நம் பிள்ளைகள் ரோமுக்குப் போக வேண்டியதில்லை.

பழங்காநத்தத்தில் இந்த வரைபடத்தைப் போட்டால் எவை வெள்ளையாகும்? கோயில் வாசல், டீக்கடை முகப்பு, ரேஷன் கடை வரிசை நிற்கிற இடம், சாயந்திரம் பூக்காரம்மா கூடையை இறக்குகிற படி. இவற்றை வெள்ளையாக விடத் தெரிந்த மாணவருக்குப் பாதி வேலை முடிந்தது.

நடைபாதையையும் அளப்பார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 நெறிமுறை குடியிருப்புப் பகுதியில் நடக்கிறவருக்குத் தடையில்லாத 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. டிரான்ஸ்பார்மர், கடைப் படி, பைக் எல்லாம் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்து எழுதினாலே அது ஒரு ஆவணம். அதற்காகத் தள்ளுவண்டிக்காரரைத் துரத்துவதுபோல் வரைந்துவிடக் கூடாது. தெரு வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அவர்களுக்கான நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது அது. மாணவரின் ஷீட்டில் இட்லிக்கடை அம்மாவுக்கும் இடம் வேண்டும் என்பது இரக்கத்துக்காகச் சொல்வதல்ல. அவருக்கு உள்ள உரிமை அது.

இதற்குப் பிறகு நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்டுடியோவுக்குத் திரும்பி, என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போட்டு, கைவரைவாகப் பல தடவை வரைந்து, ஆசிரியரிடம் காட்டித் திருத்தி, கம்ப்யூட்டரில் ஏற்றி, அட்டையில் மாடல் வெட்டி ஒட்டுவார்கள். சப்மிஷனுக்கு முந்திய இரவுகளில் தூக்கம் இருக்காது. கடைசியில் ஜூரி. சுவரில் ஷீட்டுகளை ஒட்டி, வெளியிலிருந்து வந்த கட்டடக்கலைஞர்கள் முன்னால் நின்று விளக்க வேண்டும். சாய்தளம் 12-க்கு 1 என்ற சரிவில் இருக்கிறதா, மழைத் தண்ணீர் எங்கே போகிறது, கூட்டிப் பெருக்குவது யார் என்றெல்லாம் கேள்வி வரும். மதிப்பெண் போட்டதும் ஷீட்டுகளைச் சுருட்டி வைத்துவிடுவார்கள்.

மாணவர் வரைந்தது கட்டப்பட்டதே இல்லையா என்றால், உண்டு. வாஷிங்டனில் இருக்கிற வியட்நாம் போர் நினைவுச் சின்னம் யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மாயா லின் 21 வயதில் வகுப்புக்காகச் செய்தது. 1981-ல் வந்த 1,421 வடிவமைப்புகளில் அது தேர்வாயிற்று. வங்கதேசத்தில் ருத்ராபூர் என்ற கிராமத்தில், ஜெர்மனியைச் சேர்ந்த அன்னா ஹெரிங்கர் தன் கடைசி வருடத் திட்டமாக வரைந்த மண் பள்ளிக்கூடத்தை, ஐக்கே ரோஸ்வாக் என்ற கட்டடக்கலைஞரோடு சேர்ந்து, ஊர்க்காரர்கள் கையாலேயே 2005-ல் கட்டினார். மண்ணும் மூங்கிலும்தான் பொருள். 2007-ல் அதற்கு ஆகா கான் விருது கிடைத்தது. அமெரிக்காவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் 'ரூரல் ஸ்டுடியோ' 1993-லிருந்து, அலபாமாவின் ஏழைக் கிராமங்களில் மாணவர்கள் வரைந்த வீட்டையும் கூடத்தையும் அந்த மாணவர்களையே கட்ட வைக்கிறது.

ருத்ராபூர் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது விருது அல்ல. அன்னா ஹெரிங்கர் முதலில் வங்கதேசத்துக்குப் போனது வரைவதற்காக இல்லை. பத்தொன்பது வயதில் தன்னார்வத் தொண்டராகப் போய் ஒரு வருடம் போல அங்கே வாழ்ந்தவர். மண் வீட்டுக்கு அடித்தளம் சரியில்லாமல் ஈரம் ஏறுவது அங்கே வாழ்ந்தவருக்குத் தெரியும். அதனால்தான் அவருடைய பள்ளிக்குச் செங்கல் அடித்தளமும் ஈரம் தடுக்கும் அடுக்கும் வந்தன.

இவை எல்லாம் விதிவிலக்குகள். பழங்காநத்தத்துக்கு வரைந்த ஷீட்டில் இருக்கிற அழகான கூடம் நாளைக்கே எழும்பாது. நிலம் யாருடையது, பணம் யார் தருவது, டெண்டர் யார் எடுப்பது என்று ஆயிரம் இருக்கிறது. ஆனால் அந்த ஷீட்டுகளில் முதல் நாலைந்து தாள்கள் — அளவு, எண்ணிக்கை, நிழல், யார் எங்கே உட்காருகிறார் என்ற பதிவு — ஊருக்கு இன்றைக்கே தேவை. ஒரு தெருவில் ஒரு நாளில் எத்தனை பெண்கள் நடக்கிறார்கள் என்று ஓர் இளைஞர் கூட்டம் சம்பளம் இல்லாமல் எண்ணி, வரைந்து வைத்திருக்கிறது. அது சுருட்டி வைத்த இடத்திலேயே இருந்தால் எனக்கு மனசு ஆறாது.

அதைப் பயன்படுத்திக்கொள்ள வழி இருக்கிறது. தமிழ்நாட்டின் நகரங்களில் 2022-லிருந்து வார்டுக்குள் மக்கள் தங்கள் குறைகளைச் சொல்கிற பகுதி சபா கூடுகிறது. அங்கே 'எங்க தெருவுல நிழல் இல்ல' என்று வாயால் சொல்வதும், 'இந்தா பாருங்க, நாலரை மணிக்கு நிழல் இங்க விழுது, ஜனங்க இங்க நிக்கிறாங்க' என்று தாளை விரித்துக் காட்டுவதும் ஒன்றல்ல. செலவில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தருகிற 'நமக்கு நாமே' திட்டத்துக்கு எழுதும்போதும் அந்தத் தாள் உதவும்.

இதற்கு ஒரு தடங்கல், ஷீட்டின் மொழி. தலைப்பு, குறிப்பு, விளக்கம் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். பூக்காரம்மாவின் படியை அளந்து, அவர் உட்காருகிற நேரத்தைக் குறித்து, அவரால் படிக்க முடியாத எழுத்தில் எழுதி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மதிப்பெண்ணுக்கான ஷீட் எந்த மொழியிலும் இருக்கட்டும். கூட ஒரே ஒரு தாள், பெரிய எழுத்தில், தமிழில் வேண்டும். 'கிழக்கு', 'மேற்கு' போட்டு, கோயிலையும் டீக்கடையையும் அவற்றின் பெயரோடு குறித்தால், வரைபடம் பார்த்துப் பழகாதவரும் தன் வீட்டை விரல் வைத்துக் காட்டுவார். காட்டிய கையோடு, 'இந்த சந்து ரெண்டா பிரியும் தம்பி, நீங்க ஒண்ணுதான் போட்டிருக்கீக' என்று திருத்தியும் கொடுப்பார்.

அடுத்த முறை உங்கள் தெருவில் டேப்பின் நுனியைப் பிடிக்க ஆள் இல்லாமல் ஒரு பிள்ளை நின்றால், பிடித்துக் கொடுங்கள். எந்தக் கல்லூரி, எப்போது ஜூரி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஒரு தாளை டீக்கடைச் சுவரில் வந்து ஒட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.